கருங்குழியிலிருந்து ஒரு செங்கல்

என் அண்ணன் சேகர் கேட்டது ஒரே ஒரு செங்கல். புடவை வேண்டாம், முறுக்கு வேண்டாம், சாமி சிலைகூட வேண்டாம். கருங்குழிப் பக்கம் எங்கள் கொள்ளுத் தாத்தாவின் பண்ணை வீடு இன்னும் நிற்கிறதென்றால் அதிலிருந்து ஒரு செங்கல். உடைந்ததாக இருந்தாலும் பரவாயில்லை. மலேசியாவில், கிள்ளான் நகரில் அவர் கட்டிக்கொண்டிருந்த புது வீட்டின் முன்வாசலில், கொத்தனாரிடம் சொல்லி, ஒரு செங்கல் அளவுக்கு இடம் விட்டு வைத்திருந்தார். வீட்டுக்குப் பெயர்ப் பலகையும் எழுதி வாங்கியாகிவிட்டது: 'கருங்குழிப் பண்ணை'.

நானும் அங்கேதான், தமிழ்ப்பள்ளி ஆசிரியை. உடன் வேலை பார்க்கும் ஆசிரியை ஒருவர் தம் மகனுக்குக் கூடுவாஞ்சேரியில் பெண் எடுத்திருந்தார். கல்யாணத்துக்குக் கூப்பிட்டதும் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். ஐம்பத்திரண்டு வயதில் முதல் இந்தியப் பயணம். வெளிநாடு போகிற எல்லாருக்கும் வருகிற கவலை எனக்கும் வந்தது: யார் யாருக்கு என்ன வாங்கி வருவது? அண்ணன் விஷயத்தில் மட்டும் கவலையில்லை என்று நினைத்தேன்.

பண்ணை வீட்டுக் கதையை அப்பா சொல்லித்தான் நாங்கள் வளர்ந்தோம். கொள்ளுத் தாத்தா முனியனுக்கு நாற்பது காணி நிலம். பன்னிரண்டு ஜோடி மாடு கட்டிய கொட்டகை. பின்கட்டில் கல் கட்டிய கிணறு, அதில் இரும்பு ராட்டினம். அந்தத் தண்ணீர் கல்கண்டு போல இருக்குமாம், ஒரு தடவை குடித்தால் ஆயுசுக்கும் மறக்காதாம். பங்காளிச் சண்டையில் மனம் வெறுத்துத் தாத்தா கப்பலேறிவிட்டார். இவ்வளவுதான் கதை. அப்பா இறந்து ஒரு வருடம் ஆகிறது. அவருடைய தகரப் பெட்டியில் ஒரு நீல நிற வெளிநாட்டுக் கடிதம் கிடைத்தது. எழுதியவர் அந்தோணி, கொள்ளுத் தாத்தாவின் தம்பி சின்னானுடைய மகன். சின்னான் காலமான செய்தி நாலு வரியில் இருந்தது. அனுப்பியவர் முகவரியில் மாதா கோயில் தெரு, ஊர்ப் பெயர், கருங்குழி அஞ்சல். அந்த ஊர்ப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அங்கே இருக்கிறவர்கள் நாளைக்கும் அங்கேதான் இருந்தாக வேண்டும்.

முதல் நாள் கல்யாணம். பந்தியில்தான் முதல் அதிர்ச்சி. எங்கள் ஊரில் விருந்துக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்கும்வரை இடம் நம்முடையது. இங்கே நான் இலையில் உப்பைத் தொடுவதற்குள் என் நாற்காலியின் முதுகை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார். அடுத்த பந்திக்கு இடம் பிடிக்கிறாராம். திரும்பிப் பார்த்தேன். "மெதுவா சாப்டுங்க, அவசரமே இல்ல," என்றார், கையை எடுக்காமல். பாயசத்தை விழுங்கிவிட்டு ஓடினேன். ஆனாலும் அந்த வத்தக்குழம்பின் ருசி இரண்டு நாளைக்கு நாக்கில் இருந்தது.

இரண்டாம் நாளை மாமல்லபுரத்துக்கு ஒதுக்கினேன். பள்ளியில் பதினேழு ஆசிரியைகள், ஆளுக்கு ஒன்று வேண்டும். உளிச் சத்தம் கேட்கும் சாலையோரக் கடைகளில் பிள்ளையார் ஆயிரம், புத்தர் ஐந்நூறு. கல்லைத் தூக்கிப் பார்த்ததும் விமானத்தில் அனுமதிக்கும் எடை நினைவுக்கு வந்தது. சங்குக் கடைக்குப் போனேன். பளபளவென்று ஒரு சிப்பியைக் கையிலெடுத்து, இது இந்தக் கடலில் கிடைப்பதா என்று கடைக்கார அம்மாளைக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "இந்தக் கடல்ல இவ்ளோ அழகா எங்கம்மா வருது? எல்லாம் லாரில வர்றதுதான்." உண்மையைச் சொன்னதற்காகவே அவரிடம் பதினேழு சாவிக்கொத்து வாங்கினேன். திரும்பும் வழியில் கோவளத்தில் இறங்கி வஞ்சிர வறுவல் சாப்பிட்டேன். எங்கள் ஊரில் மீனில் புளியும் மிளகாயும் சண்டை போடும். இங்கே மிளகாய் மட்டும்தான், சண்டைக்கு ஆளே இல்லை. கண்ணில் தண்ணீரோடு பேருந்து ஏறினேன்.

மூன்றாம் நாள் செங்கல்பட்டிலிருந்து கருங்குழிக்கு. ஏறிய பேருந்து விரைவு வண்டி என்று எனக்குத் தெரியவில்லை. கருங்குழிப் பலகை ஜன்னலில் ஓடி மறைந்தபோது எழுந்து நின்று கத்தினேன். நடத்துநர் அசையவில்லை. "கருங்குழி நிக்காதும்மா. மதுராந்தகம் எறங்கி ரிட்டன் வா," என்றார். அப்படியே மதுராந்தகம் போய், வேறு பேருந்தில் திரும்பி, அங்கிருந்து ஒரு ஷேர் ஆட்டோவில் ஆறாவது ஆளாக ஒட்டிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தபோது பதினொரு மணி.

பண்ணை வீடு எது என்று கேட்டதுமே காட்டிவிட்டார்கள். அப்பா சொன்னது அத்தனையும் இருந்தது. மாட்டுக் கொட்டகை பாதி இடிந்து நின்றது. கிணற்றின் மேல் கம்பி வலை போட்டு மூடியிருந்தார்கள். ராட்டினம் துருப்பிடித்துத் தொங்கியது. படமெடுத்து உடனே அண்ணனுக்கு அனுப்பினேன். அவர் கைகூப்பும் பொம்மை ஆறு அனுப்பினார்.

வீட்டுக்காரர் லோகநாதனுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். நிலம் கொஞ்சம் இருக்கிறது, ஆனால் பிழைப்பு வேன்களில்தான். கம்பெனிகளுக்கு ஆட்களை ஏற்றி இறக்குகிறார். மலேசியாவிலிருந்து வருகிறேன் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. அவர்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரும் அந்தக் காலத்தில் பினாங்குக்குப் போனாராம். அந்த வழி வந்தவள் நான் என்றே நினைத்துவிட்டார். மனைவியைக் கூப்பிட்டு, சொந்தக்காரங்க வந்திருக்காங்க, இலை போடு என்றார். காப்பி வந்தது. செங்கல் விஷயத்தைச் சொன்னேன். அவர் நெகிழ்ந்து போனார். ஒன்று எதற்கு, பத்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். பிறகு, கப்பலேறியவர் பெயர் என்ன என்று கேட்டார்.

முனியன் என்றேன். எந்த முனியன் என்றார். நான் பையிலிருந்து அந்த நீலக் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன்.

அவர் கடிதத்தின் உள்ளே இருந்ததைப் படிக்கவில்லை. பின்பக்க முகவரியை மட்டும் பார்த்தார். பழைய மடிப்பிலேயே மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"மேடம், தப்பா நெனச்சிக்காதீங்க. மாதா கோயில் தெருன்றது காலனி. இவங்க எங்க வூட்ல படியாளா இருந்தவங்க. அவங்க ஆளுங்க இப்பவும் அங்கதான் கீறாங்க."

படியாள் என்ற சொல்லை நான் புத்தகத்தில் படித்திருக்கிறேன். நெல்லைக் கூலியாக அளந்து வாங்கிக்கொண்டு, தலைமுறை தலைமுறையாக ஒரே வீட்டுக்கு உழைக்கிறவர். பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லுக்குப் பொருளும் எழுதிப் போட்டிருக்கிறேன். அந்தப் பொருளுக்குள் என் குடும்பம் இருக்கும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. கொட்டகை, கிணறு, பின்கட்டு என்று அப்பா எவ்வளவோ சொல்லியிருக்கிறார். அவர் சொன்ன கதையில் அந்த வீட்டுக்கு உள்ளே ஓர் அறைகூட இருந்ததில்லை.

லோகநாதனின் மனைவி சாப்பிடக் கூப்பிட வாசலுக்கு வந்தார். லோகநாதன் அவரை ஒரு பார்வை பார்த்தார். அவர் உள்ளே போய்விட்டார். இலையைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. கடுஞ்சொல் ஒன்றும் இல்லை. குரல்கூட மாறவில்லை. கேட்டுவிட்டீர்கள், வெறுங்கையோடு போக வேண்டாம் என்று சொல்லி, கொட்டகைச் சுவரிலிருந்து ஒரு செங்கல்லைப் பெயர்த்து, செய்தித்தாளில் சுற்றி அவரே கொடுத்தார். நன்றி என்று வாய் சொல்லிற்று. கால்கள் தெருவுக்கு வந்துவிட்டிருந்தன.

மாதா கோயில் தெரு அங்கிருந்து பத்து நிமிட நடை. அந்தோணி வீடு என்று கேட்டேன். "நர்சு வூடா?" என்று ஒரு கடைக்காரர் கைகாட்டினார். மாடி வைத்த வீடு, வாசலில் ஸ்கூட்டர். அழைப்பு மணியை அழுத்தினேன். அப்பாவின் முகம் நைட்டி போட்டுக்கொண்டு கதவைத் திறந்தது.

மிகைப்படுத்தவில்லை. அதே அகன்ற நெற்றி, அதே முன்பல் இடைவெளி. அவள் பெயர் எஸ்தர், அந்தோணியின் பேத்தி, செங்கல்பட்டில் நர்ஸ் வேலை. கடிதத்தை நீட்டினேன். நின்றபடியே முழுதும் படித்தாள். பிறகு என் கையைப் பிடித்து உள்ளே இழுத்து மின்விசிறிக்குக் கீழே உட்கார வைத்தாள். "எங்கப்பா சாவற வரைக்கும் சொல்லிகினே இருந்தாருக்கா. முனியன் தாத்தா ஆளுங்க ஒருநாள் வருவாங்கன்னு," என்றாள்.

கருவாட்டுக் குழம்பும் சோறும் போட்டாள். நான் கேட்காமலே இரண்டாம் முறை வைத்தாள். அவள் வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார், மகள் கல்லூரியில். அவர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னாள். சாப்பிட்டு முடித்ததும் என் பையிலிருந்த பொட்டலம் அவள் கண்ணில் பட்டது. என்ன என்று கேட்டாள். பிரித்துக் காட்டி, எங்கிருந்து கொண்டுவந்தேன் என்றும் சொன்னேன்.

எஸ்தர் அதைத் தொடவில்லை.

"அந்தக் கொட்டாயிலதான்கா அவர கட்டி வெச்சி அடிச்சாங்க," என்றாள்.

அவள் சொன்னதை என்னால் முழுதாக எழுத முடியாது, சுருக்கமாகச் சொல்கிறேன். அறுவடை நாளில் ஒரு மத்தியானம், தாகம் தாங்காமல், முனியன் அந்தக் கிணற்றில் ராட்டினக் கயிற்றைப் பிடித்துத் தானே தண்ணீர் இறைத்துக் குடித்துவிட்டார். ஒரே ஒரு தடவை. அதற்காக அவரை மாட்டுக் கயிற்றால் கொட்டகைத் தூணில் கட்டிப்போட்டு அடித்திருக்கிறார்கள். இரண்டு நாள் கழித்துச் சின்னான்தான் அவிழ்த்துவிட்டாராம். முனியன் பட்டணத்துக்கு நடந்தே போய்க் கப்பலேறிவிட்டார். அவிழ்த்துவிட்ட தம்பிக்கு என்ன நடந்தது என்று கேட்டேன். எஸ்தர் சாப்பிட்ட தட்டுகளை எடுத்து அடுக்கத் தொடங்கினாள்.

கல்கண்டு போலத் தண்ணீர் என்று அப்பா சொல்வாரே. நான் எழுந்து போய்க் கை கழுவும் இடத்தில் வாந்தியெடுத்தேன்.

முகம் துடைத்துக்கொண்டு வந்து, இந்தச் செங்கல்லை நான் கொண்டுபோகப் போவதில்லை என்று சொன்னேன். "இங்கியும் வெச்சிட்டுப் போவாதக்கா," என்றாள் எஸ்தர். குப்பையில் போடவும் எனக்கு மனம் வரவில்லை. எடுத்த இடத்திலேயே கொடுத்துவிட்டு வருகிறேன் என்று நான்தான் எழுந்தேன். இந்த வெயிலில் நடக்க வேண்டாம் என்றாள் எஸ்தர். பிறகு உள்ளே போய் நைட்டியை மாற்றிப் புடவை கட்டிக்கொண்டு, வண்டிச் சாவியோடு வந்தாள். நான் செங்கல்லை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன்.

லோகநாதன் வாசலில் வேனைக் குழாய்த் தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தார். எஸ்தர் வண்டியை அவர் அருகில் கொண்டுபோய் நிறுத்தினாள். நான் இறங்கிச் செங்கல்லை நீட்டினேன். வேண்டாமா என்று கேட்டார். வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வர நினைத்தேன், முடியவில்லை. கொட்டகை, கயிறு, கிணறு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குழாயைப் பிடித்தபடியே நின்றார். தண்ணீர் மண்ணில் ஓடி என் செருப்பை நனைத்தது.

"எங்க வூட்ல இத்த யாரும் சொன்னதில்ல," என்றார் கடைசியில்.

"எங்க வூட்ல சொல்லாத நாளில்ல," என்றாள் எஸ்தர்.

அவர் செங்கல்லை வாங்கிக்கொண்டார். எங்கே வைப்பது என்று தெரியாதவர் போல அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் திரும்பினோம். தெரு முனைக்கு வந்ததும் எஸ்தர் வண்டியை ஓரமாக நிறுத்தினாள். அவள் முதுகு ஏறி இறங்கியது. "பதினாலு வருசமா வண்டி ஓட்டறேன். இந்தத் தெருவுக்குள்ள ஓட்டிகினு வந்ததே இல்லக்கா. பைபாஸ் சுத்திதான் போவேன்," என்றாள். யாராவது தடுத்தார்களா என்று கேட்டேன். இல்லை, யாரும் தடுக்கவில்லை என்றாள். அன்று கேட்டவற்றில் என்னை அதிகம் உலுக்கியது அதுதான்.

நான்காம் நாள், கிளம்புவதற்கு முன், எஸ்தர் வேலைக்குப் போகிற வழியில் என்னைச் செங்கல்பட்டுக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனாள். அண்ணனுக்கு என்ன கொண்டுபோவது என்று தெரியாமல் நான் விழித்துக்கொண்டிருந்தேன். அவள் நேரே ஒரு பாத்திரக் கடைக்குள் நுழைந்து, கனமான எவர்சில்வர் சொம்பு ஒன்றை எடுத்து, விரலால் சுண்டிப் பார்த்தாள். இங்கே பாத்திரம் வாங்கினால் பெயர் வெட்டித் தருவார்கள். கடைக்காரர் மின்சார ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு, என்ன பெயர் போட வேண்டும் என்றார்.

எஸ்தர் என்னைப் பார்த்தாள். என் அண்ணன் பெயரா, அப்பா பெயரா, அவள் பெயரா? கடைக்காரர் காத்திருந்தார். முனியன் என்று சொன்னேன். அதன் கீழே சின்னான். அவர் ஊசியை வைத்ததும் எவர்சில்வர் கிறீச்சிட்டது. ஒவ்வோர் எழுத்தாக விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சாமி பேரா என்று அவர் கேட்டார். "இல்லங்க, எங்க தாத்தாங்க," என்றாள் எஸ்தர். வாசலில் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொண்டோம். அவளுக்கு நேரமாகிவிட்டது. பேருந்து நிலையத்தில் என்னை இறக்கிவிட்டுத் திரும்பிப் பாராமல் போனாள்.

மறுநாள் விமான நிலையத்துக்கு அண்ணனே வந்திருந்தார். காரில் ஏறியதும் முதல் கேள்வி, கல் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதுதான். நெடுஞ்சாலையில் ஏறிய பிறகு சொல்லத் தொடங்கினேன். பாதியில் அவர் காரை ஓரம்கட்டி நிறுத்தினார். லாரிகள் கடக்கும்போதெல்லாம் கார் குலுங்கியது. நான் முழுவதையும் சொல்லி முடித்தேன்.

"நீ ஏன் போய் விசாரிச்ச?" என்றார்.

பதிலுக்குக் காத்திராமல், அப்பா பொய் சொன்னாரா என்று கேட்டார். அப்பாவுக்கு அவருடைய அப்பா இப்படித்தான் சொல்லியிருப்பாரோ என்னவோ என்றேன். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். பெயர்ப் பலகையை முந்தாநாள்தான் மாட்டினேன் என்று மெல்லச் சொன்னார். பிறகு கதவைத் திறந்து இறங்கி, சாலைத் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதுகு மட்டும் தெரிந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது சொம்பை அவர் கையில் கொடுத்தேன். இரண்டு பெயர்களையும் படித்தார். கட்டை விரலால் தடவினார். என் கைத்தொலைபேசியில் எஸ்தரின் படத்தைக் காட்டினேன். நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. படத்தைப் பெரிதாக்கி அந்தப் பல் இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது அங்கே மணி என்ன என்று கேட்டார். காலை ஒன்பதரை இருக்கும் என்றேன். எண்ணைப் போடச் சொன்னார்.

மணி போனது. எஸ்தர் எடுத்து, ஊர் போய்ச் சேர்ந்துவிட்டாயா அக்கா என்றாள். அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, நான் சேகர் என்றார்.

"சேகரண்ணாவா? சொல்லுண்ணா. சாப்ட்டியா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். அந்தப் பக்கம் எஸ்தர், கேக்குதாண்ணா, கேக்குதா என்று இரண்டு முறை கேட்டுவிட்டாள்.

"கேக்குதும்மா," என்றார் அண்ணன். "இன்னும் சாப்பிடல."